கூடையில் இறங்கிய வைஃபை

லேப்டாப்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, பெருநாளுக்குச் சொரூபம் தூக்குகிறவர் மாதிரி மெல்ல மெல்ல நடந்துவந்த அலோசியஸ், கடைசி அறைக்குள் கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"செத்துது."

"ஆர் அத்தான்?" பின்னால் வந்த மனைவியின் தம்பி றொனி பதறிப்போனான்.

"சிக்னலடா. ஒரு கட்டமும் இல்லை."

பல்லரோ சந்தைக்குப் பக்கத்தில் ஒரு வக்கீலின் அலுவலகம் அது. கட்டடம் பழசு, சுவரோ கோட்டைச் சுவர். இத்தாலியின் பலெர்மோவில் பத்து வருசம் மாடிப்படி கழுவி, இரவில் கம்ப்யூட்டர் படித்து, ஒரு சின்னக் கொம்பனியில் ஒட்டிக்கொண்ட அலோசியஸுக்கு இதுதான் முதல் தனி வேலை. ஒவ்வொரு அறையிலும் வைஃபை வருகிறதா என்று பார்த்து, வந்தால் பச்சை, வராவிட்டால் சிவப்பு என்று வரைபடத்தில் பூச வேண்டும். வக்கீலுக்குத் திருப்தி என்றால் கொம்பனி வேலை ஒப்பந்தம் தரும். ஒப்பந்தம் இருந்தால்தான் பெர்மெஸ்ஸோவை, அந்த வதிவிட அனுமதியை, புதுப்பிப்பார்கள். இல்லாவிட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான்.

காலையில் வக்கீலே கூப்பிட்டு, "சிவப்பு ஏதாவது வருமா?" என்று ஒன்றுக்கு இரண்டு தரம் கேட்டிருந்தார். நடுவில் மேசையிலிருந்த அவருடைய லேப்டாப் அலற, வீடியோவில் அவர் மனைவி தோன்றி, "எங்கே இருக்கிறீர்?" என்றாள். "இங்கேதான், இங்கேதான்" என்று சமாளித்துவிட்டு மறுபடியும் அதே கேள்வி. சிவப்பு வந்தால் வேலை போச்சு என்று அந்தப் பார்வையிலேயே அலோசியஸ் முடிவுகட்டிவிட்டார்.

இப்போது கடைசி அறைக்குச் சிவப்புப் பூசினார்.

"வேலை முடிஞ்சுதுதானே. கொண்டுபோய்க் குடுங்கோவன்," என்றான் றொனி. கடற்கரைப் பக்கம் ஸ்ஃபெர்ராகவால்லோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் மீன் பொரிக்கிறவன், இன்றைக்கு லீவு.

"விசரோ உனக்கு? இதைக் காட்டினால் அந்தாள் என்னைப் பொரிச்சுப்போடும்!" சிவப்பை அழிறப்பரால் தேய்த்து அழித்தார்.

முதலில், நடையிலிருந்த வைஃபைப் பெட்டியைக் கழற்றிக் கடைசி அறைப் பக்கம் மாட்டினார்கள். அங்கே ஒரு கட்டம் வந்தது. கணக்கர் சால்வோவின் அறையில் எல்லாம் போனது. சால்வோ கத்திய கத்தலில் சந்தையில் புறாக்கள் எழும்பின. கத்திவிட்டு, கோபத்தை ஆற்றக் கழிவறைக்குள் போனார்.

பெட்டியைப் பழைய இடத்திலேயே மாட்டிவிட்டு, "கடைசி அறையிலை நிக்கிற இரும்பு அலுமாரிதான் மறைக்குது. தள்ளடா!" என்றார் அலோசியஸ்.

தள்ளினார்கள். அலுமாரிக்குப் பின்னால் ஒரு மடக்குக் கட்டிலும் பூப்போட்ட தலையணையும் இருந்தன.

"ஒஃபீசிலை என்னத்துக்குத் தலையணை?"

"எங்களுக்கேன் அது? இன்னும் தள்ளு."

அலுமாரி நடைக்கு வந்து கழிவறைக் கதவோடு அணைந்து நின்றது. உள்ளேயிருந்து சால்வோ இடிக்கத் தொடங்கினார். சிக்னல் அசையவில்லை. அலுமாரியும்தான். நாலு பேர் சேர்ந்து இழுத்துத்தான் மனிசனை வெளியே எடுத்தார்கள். வந்தவர் சொன்ன வார்த்தைகளை இங்கே எழுத முடியாது.

அப்போதுதான் பால்கனியில் காரியதரிசி பீனாவின் கூடை அலோசியஸ் கண்ணில் பட்டது. கயிற்றில் இறக்கி, தெருவில் மரக்கறி வாங்குகிற கூடை.

"றொனி, கொம்பனி தந்துவிட்ட இரண்டாவது பெட்டியை வயரோடை இதுக்குள்ளை வைச்சு வெளியாலை இறக்கு. யன்னலாலை சிக்னல் வரும்!"

"அத்தான், உங்களுக்கு உண்மையிலேயே மூளை இருக்கு."

அலோசியஸ் கடைசி அறையில் திரையைப் பார்த்தபடி கத்தினார். "ஒண்டு! இறக்கு... ரெண்டு! இன்னும் இறக்கு... மாதாவே, மூண்டு! இறக்கு, இறக்கு!"

திடீரென்று எல்லாம் போய்விட்டது.

கீழே நின்ற கத்தரிக்காய் வண்டிக்காரனைக் குறை சொல்ல ஏலாது. பலெர்மோவில் கூடை இறங்கினால் சாமான் போட வேண்டும். பீனாவின் கூடை அவனுக்குத் தெரியும். வழக்கம்போல வாய் முட்டப் போட்டுவிட்டான். கத்தரிக்காய்க்குள் புதைந்த பெட்டி என்ன செய்யும், பாவம்!

கத்தரிக்காயைக் கொட்டி, பெட்டியைத் துடைத்து, கடைசி அறை யன்னலோடேயே கயிற்றால் வரிந்து கட்டினார்கள். ஐந்து கட்டமும் வந்தன. அலோசியஸ் றொனியைக் கட்டிப்பிடித்து அழுதேவிட்டார். கடைசி அறைக்கு அழுத்தி அழுத்திப் பச்சை பூசினார்.

பின்னேரம் வக்கீல் வரைபடத்தை வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சிவப்பே இல்லையா?"

"மருந்துக்கும் இல்லை!"

"கடைசி அறையிலுமா?"

"அங்கேதான் எல்லா அறையையும் விட நல்லாக வருகிறது!" அலோசியஸ் நெஞ்சை நிமிர்த்தினார்.

வக்கீலின் முகம் தொங்கிப்போனது. தன் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு அந்த அறைக்குள் போனார். கதவு சாத்த முன்னமே அது அலறியது.

"ஆ, இந்த அறையிலும் தெரிகிறீரே!" மனைவியின் குரல் நடை முழுக்கக் கேட்டது. "அது சரி, பின்னால் என்ன கட்டில்?"

அலோசியஸுக்கு வியர்த்துக் கொட்டியது. "ஏன் அம்மா, அவருக்குத் திருப்தி இல்லையா?" என்று பீனாவிடம் கெஞ்சாத குறையாகக் கேட்டார்.

பீனா கத்தரிக்காயைப் பொறுக்கிக் கூடையில் போட்டபடி சொன்னாள்: "அந்த அறைக்கு வைஃபை வராது என்று மனைவிக்குக் காட்ட ஒரு சாட்சி வேண்டும் என்றுதானே, மனுசன் உன்னையே கூப்பிட்டார்!"