படகுக் கொட்டாயில் காணாமல் போன கடைசி ரீல்

நான் சொல்லப்போவதில் ஒரு சொல் பொய்யாக இருந்தாலும் பழவேற்காட்டு ஏரித் தண்ணி நாளைக் காலையில் இளநீர் மாதிரி இனித்துப் போகட்டும். இறால் எல்லாம் பனைமரம் ஏறட்டும். சத்தியம், சத்தியம், சத்தியம். மூன்று தடவை சொல்லிவிட்டேன். இதற்கு மேல் நம்பாவிட்டால் அது உங்கள் கோளாறு.

ஊர்ப் பெயர் வேண்டாம். பசியாவரத்துக்குப் பக்கத்தில், சுற்றிலும் தண்ணீர் உள்ள ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே ஆதிநாராயணன் என்று ஒருவன். ஆறடி ஆள். புயலுக்குப் பயப்பட மாட்டான், நண்டுக் கொடுக்குக்குப் பயப்பட மாட்டான். அவனுக்கு உலகத்தில் இருந்தது ஒரே ஒரு குறை. கல்யாணமாகிப் பதினாலு வருஷத்தில், ஒரு சினிமாவின் முடிவைக்கூட அவன் தானாகப் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை.

காரணம், கோவிந்தம்மா. அவன் சம்சாரம்.

கோவிந்தம்மா பொன்னேரிச் சந்தையில் மீன் விற்கிறவள். பொன்னேரி டெண்டுக் கொட்டாயில் டிக்கெட் கிழிக்கும் ஜெயம்மா அவளிடம்தான் மீன் வாங்குவாள். மீன் செதில் போவதற்குள் ஜெயம்மா முழுக் கதையையும் உரித்து வைத்துவிடுவாள். ஆக, எந்தப் படத்துக்குப் போனாலும் கோவிந்தம்மா முடிவைக் கையோடு கொண்டுபோவாள்.

கொட்டாயில் ஆண்களுக்கு ஒரு பக்கம், பெண்களுக்கு ஒரு பக்கம். நடுவே இடுப்பு உயரத்துக்கு மண் சுவர். அவள் குரலுக்குச் சுவர் எம்மாத்திரம்? மூன்றாவது சீன் ஓடும்போதே கத்துவாள்:

"டேய், அந்தத் தாடிக்காரனை நம்பாதே! அவன்தான் உங்கப்பனைக் கொன்னவன்!"

கொட்டாய் முழுக்க 'ஐயோ' என்று ஒரு பெருமூச்சு. ஒரு தடவை திரையில் இருந்த வில்லனே திரும்பி அவளை முறைத்தான் என்கிறார்கள். அதை நான் பார்க்கவில்லை. ஆகவே அதற்குச் சத்தியம் பண்ண மாட்டேன்.

"ஏன்டி, எல்லாத்தையும் முன்னாடியே சொல்லித் தொலைக்கறே?" என்பான் ஆதி.

"சொல்லாட்டி நீ பயந்துக்குவேய்யா."

"நானா?"

"போன படத்துல பாம்பு வந்தப்ப பக்கத்துல இருந்தவன் மடியில ஏறி உக்காந்தது யாரு?"

எழுபத்தொன்பதில் ஆதி விசைப்படகு வேலைக்குப் பம்பாய் போனான். நாலு மாதத்தில் திரும்பினான். வரும்போது ஒரு வியாதியைக் கொண்டுவந்தான். உட்கார முடியவில்லை, நிற்க முடியவில்லை, தூங்க முடியவில்லை. வலையை வீசச் சொன்னால் நங்கூரத்தை வீசினான்.

அங்கே அவன் ஒரு கொட்டாயைப் பார்த்திருந்தான். கூரை இல்லை, பெஞ்சு இல்லை. வெட்டவெளியில் திரை. கதாநாயகனின் ஒரு புருவம் நம் படகு நீளம். எதிரே வரிசை வரிசையாகக் கார்கள். ஜனங்கள் காரை விட்டு இறங்காமலே படம் பார்க்கிறார்கள். வாசல் கூர்க்கா ஆதியை மறித்து, "காடி கிதர்?" என்றான்.

"காரு இல்லே. படகு கீது. ஊர்ல கீது."

கூர்க்கா அந்தப் பெருமையை மதிக்கவில்லை. ஆதி வெளியே ஒரு கல்லின் மேல் ஏறி, மதில் வழியாகப் பார்த்தான். ஒரு காரில் ஒரு மனுஷன் தனியாக, காலை நீட்டி, கடலை தின்றபடி படம் பார்த்தான். அடுத்த காரில் ஒருத்தி புருஷனிடம் ஓயாமல் பேசினாள். அவள் வாய் அசைவது தெரிந்தது. ஆனால் கடலைக்காரன் திரும்பவே இல்லை! கண்ணாடி ஏற்றியிருந்தான்.

அன்றைக்குக் கல்லின் மேல் நின்று ஆதி ஒரு சபதம் எடுத்தான். சாவதற்குள் ஒரு படம். தனியாக. என் வண்டியில். முடிவு என் கண்ணால்.

பழவேற்காட்டில் கௌஸ் மைதீன் பாய் என்று ஒருவர், கல்யாண வீடுகளில் படம் காட்டுகிறவர். ஆதி ஒரு கூடை நண்டோடு அவர் வீட்டுக்குப் போய் நின்றான்.

"பாய், காருக்குப் பதிலா படகு."

"இன்னா?"

"கரையில திரை. தண்ணியில படகு. ஆளுக்கு ஒரு படகு."

"மிஷினை எங்கப்பா வெக்கறது? மீன் முதுகுலயா?"

"எதிர்ல மணல் திட்டு கீது. மிஷின், ஜெனரேட்டர் எல்லாம் அங்க."

"திரை?"

"என் படகுப் பாய். புதுசு. வெள்ளை வெளேர்னு கீது."

பாய் சிரித்தார். "அப்ப பாய் காட்டற படம் பாயில ஓடும்ங்கறே. சரி, இன்னா படம் வேணும்?"

"சொல்லாதீங்க! எனக்கும் சொல்லாதீங்க, யாருக்கும் சொல்லாதீங்க. பேர் வெளிய வந்தா பொன்னேரிக்குப் போகும். பொன்னேரிக்குப் போனா என் ஊட்டுக்கு வரும்."

பாய் யாருக்கும் சொல்லவில்லை. தன் சம்சாரம் பரக்கத் பீவியிடம் மட்டும் சொன்னார். பரக்கத் பீவி வீட்டுக்கு வெள்ளிக்கு வெள்ளி நண்டு கொண்டுபோகிறவள் யார் என்பதை அவர் யோசிக்கவில்லை.

ஊரில் சண்டை கிளம்பியது. யார் படகு முன்னால், யார் படகு பின்னால்? நாட்டாமை முனியன் பெரியவர் தலையைப் பிடித்துக்கொண்டார். ஆதி எழுந்தான்.

"பாடு போடற மாதிரி சீட்டுப் போடுங்க பெரியவரே."

எங்கள் பக்கம் ஏரியில் கண்ட இடத்தில் வலை போட முடியாது. எந்த இடம் எவனுக்கு என்று சீட்டுப் போட்டுப் பிரிப்பார்கள். அதற்குப் பாடு என்று பெயர். தலைக்கட்டுக்கு ஒரு பாடு. கல்யாணம் ஆனவன்தான் தலைக்கட்டு.

"இன்னொண்ணு," என்றான் ஆதி. "படகுக்கு ஒரு ஆளுதான். ரெண்டு பேர் ஏறினா படகு ஆடும். படகு ஆடினா படம் ஆடும். பொம்பளைங்க கரையில, திரைக்குப் பின்னாடி உக்காரட்டும். துணிதானே, அந்தப் பக்கமும் தெரியும்."

ஆண்கள் எல்லோரும் இதைப் போன்ற ஞானத்தைக் கேட்டதே இல்லை என்று தலையாட்டினார்கள். பெண்கள் முணுமுணுத்தார்கள். கோவிந்தம்மா மட்டும் மீன் கூடையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினாள். ஆதி பின்னாலேயே ஓடினான்.

"ஏன்டி சும்மா கீறே?"

"இன்னா சொல்லணும்?"

"ரெண்டு திட்டாவது திட்டு."

"அவசரம் இல்லைய்யா. திட்டிக்கலாம்."

அன்றைக்கு அவன் பாயில் புரண்ட புரளலில் பாய் கிழிந்தது. இது கோரைப்பாய்.

புதன்கிழமை சாயங்காலம். கரையில் இரண்டு சவுக்குக் கம்பம், நடுவே ஆதியின் புதுப்பாய். தண்ணீரில் இருபத்தேழு படகு. சீட்டில் ஆதிக்கு விழுந்தது நடு இடம்! மடியில் கடலை. காலை நீட்டினான். பம்பாய் மனுஷனைப் போலவே நீட்டினான். மேலே கண்ணாடி மட்டும்தான் இல்லை.

இருட்டியதும் முதலில் அரசாங்கத்துச் செய்திப்படம் ஓடியது. மந்திரி வலது கையைத் தூக்கிக் கும்பிடு போட்டார். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

"பெரியவரே! ஒரு நியாயம் கேக்கணும்."

ஆதியின் கையில் இருந்த கடலை தண்ணீரில் விழுந்தது.

"கேளு கோவிந்தம்மா."

"பாடு யாருக்கு?"

"தலைக்கட்டுக்கு."

"கல்யாணம் ஆவாதவனுக்கு?"

"கெடையாது."

"அப்ப இந்தாளு தலைக்கட்டு ஆனது யாரால? என் கழுத்துல கட்டின தாலியால. என்னால கெடச்ச பாட்டுல நான் உக்காராம, துணிக்குப் பின்னாடி உக்காந்து, மந்திரி எடது கையால கும்புடு போடறதைப் பாக்கணுமா?"

முனியன் யோசித்தார். அவர் சம்சாரம் முத்தம்மாள் அதற்குள் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நின்றாள். நியாயம் உடனே பிறந்தது.

"சரிதான். ஏறிக்குங்க."

இருபத்தேழு பெண்கள் ஏரிக்குள் இறங்கினார்கள். படகுகள் ஆடின. இருபத்தாறு ஆண்கள் ஆதியைப் பார்த்த பார்வையில் கொசுவே கருகி விழுந்தது.

ஆதி கழியைக் குறுக்கே நீட்டினான். "ஏறணும்னா ஒரு சத்தியம் பண்ணு. இந்தப் படத்தோட முடிவை என்கிட்ட சொல்லக் கூடாது. இன்னிக்கு மட்டும் இல்லே, எப்பவுமே."

"எப்பவுமேவா? யோசிச்சுக்கோ."

"எப்பவுமே!"

ஏரித் தண்ணியைத் தொட்டுச் சத்தியம் பண்ணினாள். ஏறினாள். வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.

படம் தொடங்கியது. கோவிலில் அம்மன் நகை திருட்டுப் போகிறது. பழி லாரி ஓட்டுகிற கதாநாயகன் மேல் விழுகிறது. உண்மையான திருடன் யார்? கணக்கப்பிள்ளையா, மாமனாரா, பாட்டு வாத்தியாரா?

ஆதி திரையைப் பார்க்கவில்லை. கோவிந்தம்மாவின் முகத்தைப் பார்த்தான். மாமனார் வந்தபோது உதட்டோரம் சிரித்தாளே, ஏன்? வாத்தியார் வந்தபோது கொட்டாவி விட்டாளே, அப்படியென்றால் அவன் இல்லையா? கணக்கப்பிள்ளை வந்தபோது மூக்கைச் சொறிந்தாள். அது மூக்குக்காகவா, கதைக்காகவா? பதினாலு வருஷமாக அவள் பேச்சில் தூங்கிப் பழகிய மனுஷன், அவள் மௌனத்தில் பைத்தியமானான்.

"ஏதாவது சொல்லேன்டி."

உதட்டின் மேல் விரலை வைத்துக் காட்டினாள்.

கதாநாயகன் மலை உச்சிக்கு வந்துவிட்டான். எதிரே முகத்தை மூடிய திருடன். கதாநாயகன் கையை நீட்டி முகத்துணியைப் பிடித்து இழுக்கிறான்...

வெள்ளை. திரை முழுக்க வெறும் வெள்ளை.

மணல் திட்டிலிருந்து பாய் கத்தினார். "கடைசி ரீல் டின்னைக் காணோம்பா! ஊட்டுல நான்தான் எண்ணி வெச்சேன்!"

ஏரி கொந்தளித்தது. கழியால் படகைத் தட்டினார்கள். ஒருவன் பாயைத் தண்ணீரில் தள்ளவேண்டும் என்றான், எந்தப் பாயை என்று சொல்லவில்லை. அப்போது முத்தம்மாள் மெதுவாக ஒரு வார்த்தை போட்டாள்.

"கோவிந்தம்மாவுக்குத் தெரியுமே."

இருபத்தாறு படகும் நடுப்படகைச் சூழ்ந்தன. கோவிந்தம்மா உதட்டைத் தொட்டுக் காட்டினாள். புருஷனைக் கை காட்டினாள்.

"டேய் ஆதி," என்றார் முனியன். "அவளைப் பேசச் சொல்லு. இல்லாட்டி இந்தத் திருடன் யாருன்னு தெரியாம ஊரே வலை போடாது."

ஆதி எழுந்து நின்றான். எந்த வாயை அடைக்கப் பம்பாயிலிருந்து யோசனை கொண்டுவந்தானோ, அந்த வாயைத் திறக்கச் சொல்லி ஊர் முன்னால் கெஞ்சினான். "இன்னிக்கு ஒரு ராத்திரிக்கு மட்டும் சத்தியத்தைத் தளர்த்தறேன். சொல்லு, தாயே."

"காதுல விழலைய்யா."

"தளர்த்தறேன்!"

அவள் இறங்கிப் போய்த் திரைக்கு முன்னால் நின்றாள். பாய் மிஷின் வெளிச்சத்தை அவள் மேல் விட்டார். சொன்னாள் பாருங்கள்! கணக்கப்பிள்ளைதான் திருடன். அவனை ஜெயிலில் போட்டுவிட்டுக் கதாநாயகன் வீட்டுக்கு ஓடுகிறான். அங்கே அவன் பெண்டாட்டி, தண்ணிக் குடத்தைத் தூக்கித் தூக்கி இடுப்பொடிந்து கிணற்றடியில் கிடக்கிறாள். அவன் கதறுகிறான். 'நகை போனா வரும், நீ போனா வருவியா? இனிமே ஆயுசுக்கும் தண்ணி எடுக்கறது நான்தான்' என்று குடத்தைத் தோளில் வைத்து நடக்கிறான். சூரியன் உதிக்கிறது. வணக்கம்.

ஆண்கள் அழுதார்கள். ஏரி நாலு விரற்கடை ஏறியது. சத்தியம். பெண்களும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு தோள் குலுங்கினார்கள்.

மறுநாள் விடியலில், அதுவரை பெண்கள் மட்டுமே குடிதண்ணி சுமந்த ஊற்றங்கரையில் இருபத்தேழு ஆண்கள், ஆளுக்கு இரண்டு குடம். முதலில் நின்றவன் ஆதி.

மூன்று மாதம் ஓடியது. தோளில் காய்ப்பு விழுந்தது. ஒரு நாள் ஆதி பழவேற்காட்டுக் கடைத்தெருவில் பாயைப் பார்த்தான். பாய் அவனை ஓரமாக இழுத்துப்போனார்.

"மானம் போவுதேன்னு இத்தினி நாள் சொல்லல. அந்தக் கடைசி டின் எங்க ஊட்டு அரிசித் தொட்டியில இருந்துச்சு."

"இன்னா?"

"ரெண்டு நாள் கழிச்சு வெள்ளிக்கிழமை. தொழுகை முடிஞ்சு ஊட்டுக்கு வரேன். வாசல்ல இருபத்தேழு மீன் கூடை. உள்ள கதவு சாத்தி இருட்டு. சுவத்துல படம். உங்க ஊரு பொம்பளைங்க மொத்தமும் உக்காந்து கீறாங்க. மிஷினை ஓட்டறது எங்க பரக்கத் பீவி!"

"முடிவைப் பாத்தீங்களா பாய்?"

"வணக்கம் போடறதுக்கு முன்னாடி ஒரு நொடிதான் பாத்தேன். அன்னிக்கே படப்பெட்டி திரும்பிப் போயிடுச்சு. அந்தக் கணக்கப்பிள்ளை கழுத்துல மாலை போட்டுக்கினு, எல்லாரோடவும் சிரிச்சுக்கினு கீறான்பா. குடம் எதுவும் இல்லை."

ஆதி படகைத் தள்ளவில்லை, பறந்தான். கோவிந்தம்மா வாசலில் நண்டு உடைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்டி, கணக்கப்பிள்ளை திருடன் இல்லியாமே!"

"அப்படியா?"

"குடமே இல்லியாமே!"

"சொல்றாங்களா?"

"அப்ப திருடன் யாரு? மாமனாரா? வாத்தியாரா? சொல்லுடி!"

"சொல்ல மாட்டேன்யா. எப்பவுமே சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கினே. ஒரு ராத்திரிக்குத்தான் தளர்த்தினே. அந்த ராத்திரி போயிடுச்சு."

"இப்பவும் தளர்த்தறேன்!"

"ஊரு முன்னாடி தளர்த்தினது. இப்பவும் ஊரைக் கூட்டு. அந்த இருபத்தாறு ஆம்பளைங்ககிட்டயும், 'படத்துல குடமே இல்லடா, நான் கொண்டாந்த சினிமாவால மூணு மாசமா வெட்டியா தண்ணி தூக்கறீங்க'ன்னு நீயே சொல்லு. அப்புறம் தளர்த்து. நான் சொல்றேன்."

ஆதி இருபத்தாறு பேரின் தோளையும் நினைத்துப் பார்த்தான். அந்தத் தோளில் தொங்கும் கைகளையும் நினைத்துப் பார்த்தான். குனிந்தான். குடத்தை எடுத்தான்.

இத்தனை வருஷம் ஆகியும் திருடன் யார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரிந்தால் காதோடு சொல்லுங்கள். ஆனால் இந்தக் கதையை யார் சொன்னது என்று மட்டும் எவரிடமும் மூச்சு விடாதீர்கள். முக்கியமாக அந்த இருபத்தாறு பேரிடம். சரி, பேச்சில் நேரம் போனதே தெரியவில்லை. ஊற்றங்கரைக்குப் போகணும், அந்த ரெண்டு குடத்தை இப்படி எடுங்க.