வெள்ளைச் சட்டையில் கறுப்புப் பட்டை

சாலை விதிகளை மதிப்பவர்கள் உண்டு, மதிக்காதவர்களும் உண்டு. இந்த இரண்டு கூட்டத்திலும் சேராத மூன்றாவது இனம் ஒன்று இருக்கிறது. கேமராவை மட்டும் மதிப்பவர்கள். கேமராக் கம்பம் கண்ணில் பட்டதும் அவர்கள் காட்டும் அடக்கத்தை, பெண் பார்க்கப் போன மாப்பிள்ளையிடம்கூட நீங்கள் காண முடியாது. வண்டி ஊரும், கைபேசி தொடைக்கடியில் ஒளியும், முகத்தில் பக்தி பரவும். கம்பம் தாண்டியதும்? சாமி மலையேறிவிடும்.

முதலிபாளையத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கும் தரணீதரன் இந்த இனத்தின் திலகம்.

கோவை சாலையில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே வண்டி எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து வேகத்தைக் கண்டுபிடிக்கும் ஏற்பாடு வந்தபோது, மற்றவர்கள் அலுத்துக்கொண்டு மெதுவாகப் போகப் பழகினார்கள். தரணீதரன் அப்படிச் சோர்ந்துபோகிற ஆளா? முதல் கம்பத்திலிருந்து பறப்பார். இரண்டாவது கம்பத்துக்குச் சற்று முன்னால் ஒரு பேக்கரியில் நிறுத்தி, கணக்கு நேராகும் வரை டீ குடிப்பார். வழியில் அவர் முந்திவந்த வண்டிகளெல்லாம் அவர் ஊதி ஊதிக் குடிக்கும்போது நிதானமாகக் கடந்து போகும்.

"கவர்மென்ட்டுக்கு ஒரு மூளைன்னா நமக்கு ஒன்றரை, கண்ணு" என்பார் மகள் வர்ஷினியிடம்.

அடுத்து வந்தது, சீட் பெல்ட் போட்டிருக்கிறோமா என்று பார்க்கும் கேமரா. அங்கேதான் அவர் திருப்பூர்க்காரர் என்பதை நிரூபித்தார். வெள்ளை டி-சர்ட்டில், தோளிலிருந்து இடுப்புக்குச் சாய்வாக, ஒரு கறுப்புப் பட்டையை அச்சடித்தார்! ஓட்டுபவருக்கு ஒரு சாய்வு, பக்கத்தில் உட்காருபவருக்கு எதிர்ச்சாய்வு என்று தனித்தனி ஸ்கிரீன். பிரிண்டிங் மாஸ்டர் பழனிமுத்துவுக்கும் கலையார்வம் பொங்கியது.

"மொதலாளி, இடுப்புக்கிட்ட சில்வர்ல ஒரு பக்கிள் வெச்சா அம்சமா இருக்குமுங்க."

"வெச்சிருங்க!"

பெல்ட் மாட்டாவிட்டால் காருக்குள் கத்தும் அலாரத்தை, பெல்ட் இல்லாத வெறும் கொக்கியைச் சொருகி வாயடைத்தார். ஒரு பெல்ட்டை இழுத்து மாட்டாமல் இருப்பதற்கு ஒரு மனிதர் இவ்வளவு உழைப்பாரா என்று கேட்காதீர்கள். உழைப்பால் உயர்ந்த ஊர் இது.

வர்ஷினிக்குக் கோவையில் மாநில வாலிபால் அணிக்கான தேர்வு. மூன்று வருடமாக விடிகாலையில் எழுந்து மைதானத்துக்கு ஓடியதெல்லாம் அந்த ஒரு நாளுக்காக. அப்பாவே காரில் கிளம்பினார். இருவர் மேலும் பட்டை டி-சர்ட்.

"அப்பா, நெஜ பெல்ட்டையே போட்டுக்கறனுங்க."

"அப்பறம் இதை எதுக்குச் சாமி பிரிண்ட் பண்ணுனேன்? கசங்காம உக்காரு."

தெக்கலூர் தாண்டியதும் சாலைக்கு மேலே மின்பலகை ஒளிர்ந்தது: 'முன்னால் வாகனம் நிற்கிறது. நாற்பதில் செல்லவும்.' முன்னே போனவர்கள் வேகம் குறைத்து வலப்பக்கம் ஒதுங்கினார்கள்.

"அப்பா, நாப்பதுன்னு போட்டிருக்குதுங்க."

"நேத்துப் போட்டதை அணைக்க மறந்திருப்பாங்க. பாரு, கேமராவே இல்லை."

வளைவில் தேங்காய் லாரி ஒன்று அச்சு முறிந்து நின்றது. பலகையை நம்பியவர்கள் அதைச் சுற்றி நீரோட்டம்போலப் போய்க்கொண்டிருந்தார்கள். நம்பாதவர் பிரேக்கின் மேல் ஏறி நின்றார். லாரியை முட்ட ஒரு சாண் இருக்கும்போது கார் நின்றுவிட்டது. வர்ஷினி நிற்கவில்லை. முன்னால் பாய்ந்து, கண்ணாடியில் முட்டாமலிருக்க டாஷ்போர்டில் கையை ஊன்றினாள். மணிக்கட்டு மடங்கியது.

தரணீதரன் கைபேசியைத் தேடுவதற்குள், லாரிக்காகக் கிளம்பிய மீட்பு வண்டி வந்து நின்றது.

"அதுக்குள்ள யாருங்க உங்களுக்குச் சொன்னாங்க?"

"கேமராதாண்ணே, லாரி நின்னதுமே காட்டிருச்சு" என்றான் மதுரைப் பக்கத்து ஊழியன் அருண்பாண்டி. வலியில் சுருண்டிருந்த பெண்ணைப் பார்த்தவன், முதலில் பெல்ட்டை விடுவிக்கக் குனிந்து சில்வர் பக்கிளை அழுத்தினான். மறுபடி அழுத்தினான். விரலில் சாயம் ஒட்டியது.

"அண்ணே, இது எங்கிட்டுண்ணே கழட்டணும்?"

ஒன்றரை மூளைக்காரர் தன் நெஞ்சிலிருந்த பட்டையைக் கையால் மறைத்துக்கொண்டார்.

தேர்வு அவளில்லாமல் நடந்து முடிந்தது. கையில் கட்டோடு, நிஜ பெல்ட்டுக்குள் உட்கார்ந்து வர்ஷினி திரும்பினாள். வழியெல்லாம் கார் பலகை சொன்ன வேகத்திலேயே வந்தது. இருந்தும், திரும்பும் பக்கத்து இரண்டாவது கம்பத்துக்கு முன்னாலும் வழக்கம்போல அது ஒரு பேக்கரியில் ஒதுங்கியது.

"இன்னைக்கு மெதுவாத்தானுங்களே வந்தோம்? எதுக்குங்கப்பா நிறுத்தறீங்க?"

"கால் பழகிருச்சு, கண்ணு" என்றார். டீ வாங்கவில்லை. மகளின் பெல்ட்டை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார்.

நீங்கள் அவரைப் போல இல்லை, தெரியும். போலீஸ் நிற்பதாக எதிரே வந்தவர் விளக்கடித்துக் காட்டியபோது நீங்கள் கையெடுத்துக் கும்பிட்டது சும்மா மரியாதைக்கு. சிக்னல் வரும்வரை ஹெல்மெட் பெட்ரோல் டேங்கின் மேல் இருந்தது காற்றாடத்தான். எதற்கும் ஒருமுறை தோளைத் தடவிப் பாருங்கள். விரலில் சாயம் ஒட்டுகிறதா?