சாம்பிள் வீடு

திருப்பூரில் நெருப்பெரிச்சலுக்கு அந்தப் பக்கம் காட்டுத்தோட்டம் பேரூராட்சியில், மோகன்ராஜ் தன் வாசற்படியை மூன்றாவது தடவையாகக் கட்டி முடித்த அன்றைக்குத்தான் மக்களாட்சி ஊருக்குள் கால் வைத்தது.

மோகன்ராஜ் பவர்டேபிள், அதாவது கூலிக்குப் பனியன் தைக்கும் பட்டறை, வைத்திருப்பவர். பெரிய கம்பெனி என்று நினைத்துவிட வேண்டாம். வீட்டின் முன்பாகத்தில் பத்து தையல் மெஷின், பின்பாகத்தில் குடும்பம். வெட்டின துணி வருவதும் தைத்த பனியன் போவதும் ஒரே வாசல் வழிதான். அந்த வாசலின் படி சாக்கடையை அடைக்கிறது, ஒன்றரை அடி உள்ளே தள்ளு என்றார் செயல் அலுவலர் இளங்குமரன். தள்ளினார். சாக்கடை திறந்து கிடக்கிறது, ஒன்றரை அடி வெளியே இழு என்றார். இழுத்தார். அப்புறம், பெரிய நகரங்களில் எல்லாம் இப்போது இதுதான் நடைமுறை என்று சொல்லி, படிக்கு மயில் நீலம் அடித்து, செல்போனில் ஸ்கேன் பண்ணுகிற பலகை ஒன்றையும் பதிக்கச் சொன்னார். ஸ்கேன் பண்ணினால் என்னங்க வரும் என்று மோகன்ராஜ் கேட்டார். "இது ஒரு படி" என்று வரும் என்றார் அலுவலர்.

ஆயிரத்து நூறு வீட்டுக்கும் இதே கதி. பேக்கரியில் டீ குடித்துக்கொண்டிருந்த ஊர்க்காரர்கள் முன்னால் மோகன்ராஜ் தன் வயிற்றெரிச்சலைக் கொட்டினார்.

"ஏனுங்க, வெளிநாட்டுக்காரன் ஒரு பட்டனை மாத்தறதுன்னாக்கூட முதல்ல சாம்பிள் கேக்கறான். இழுத்துப் பாத்து, தொவச்சுப் பாத்து, அப்புறந்தான் அப்ரூவல் குடுக்கறான். அதில்லாம நம்ம ஒரு பீஸ் வெட்ட முடியுமுங்களா? ஊரையே வெட்டற ஆளு ஒரு சாம்பிள் போட்டுக் காட்டக் கூடாதுங்களா?"

டீ ஆறிப்போகிற அளவுக்கு ஊர் யோசித்தது. நாற்பத்தொரு நாள் பேரூராட்சி அலுவலகத்தின் முன் உட்கார்ந்தது. செக்கிங் டேபிளில் பனியனைப் பார்த்துப் பார்த்துக் கோளாறு இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுகிற ஒச்சாயி, உசிலம்பட்டியிலிருந்து பிழைக்க வந்தவள், அவளும் லீவு போட்டுவிட்டு உட்கார்ந்தாள். கடைசியில் மேலிடமே இறங்கி வந்து எழுதிக் கொடுத்தது: இனி எந்த ஆணையும் முதலில் ஒரே ஒரு வீட்டில் மட்டும் நிறைவேற்றப்படும், பதினோரு பேர் கொண்ட மக்கள் குழு அதைப் பார்வையிட்டு, பதினோரு பேரும் ஒப்பமிட்டால் மட்டுமே பிற வீடுகளுக்குச் செல்லும். அரசாங்கத்தின் அதிகாரத்துக்கு நிரந்தர எல்லை. ஊரே தேங்காய் பன் வாங்கித் தின்றது.

இளங்குமரன் கோபக்காரர் இல்லை. ஒப்பந்தத்தை இரண்டு முறை படித்துவிட்டு, பணிவாக ஒன்று கேட்டார்.

"சாம்பிளை யாரு ஊட்டுலீங்க போடறது?"

குழுவில் மற்ற பத்துப் பேரும் தங்கள் தலைவர் மோகன்ராஜைப் பார்த்தார்கள். நெஞ்சு நிமிர, "எங்கூட்டுலயே போடுங்க" என்றார் அவர்.

"ஊட்டுல ஒரு வார்த்த கேட்டீங்களா?" என்றாள் அவர் மனைவி மைதிலி, அன்று மாலை.

"மக்கள் குழு தீர்மானம் போட்டிருச்சு."

"நான் மக்கள்ல சேத்தி இல்லீங்களா?"

இந்தக் கேள்விக்கு ஒப்பந்தத்தில் இடம் இல்லாததால் அவர் சாப்பிட உட்கார்ந்தார்.

முதல் சாம்பிளாக நான்கு வண்ணக் குப்பைத்தொட்டி வந்தது. குழு வந்து பார்த்தது, டீ குடித்தது. தொட்டி வாசலை மறைக்கிறது என்று, குழுவுக்குக் குறை பார்த்துச் சொல்லக் கூட வந்த ஒச்சாயி ஒரு ஸ்டிக்கர் ஒட்டினாள். திருத்தி மறு சாம்பிள் போடச் சொன்னார்கள். அலுவலருக்கு ஒரே சந்தோஷம். ஆயிரத்து நூறு வீட்டுக்குப் பதினெட்டுப் பணியாளர்கள் என்று இத்தனை காலம் திண்டாடியவர். இப்போது ஒரு வீட்டுக்குப் பதினெட்டுப் பேர். விடிந்தால் வந்துவிடுவார்கள். மழைநீர்க் குழி, மாடியில் மூலிகைத் தோட்டம், ஜன்னலுக்கு ஒரே சீரான திரை, குளியலறைக்கு வருகைப் பதிவேடு. எட்டு மாதத்தில் முப்பத்தேழு ஆணை. ஊரின் மற்ற வீடுகளில் ஒரு காக்காய்கூட வந்து உட்காரவில்லை. காட்டுத்தோட்டம் அவ்வளவு நிம்மதியாக என்றைக்கும் இருந்ததில்லை.

முப்பத்தேழாவது ஆணைதான் குடியைக் கெடுத்தது. தெருவின் அழகு கருதி, வீட்டோடு தொழில் நடத்துவோர் முன்வாசலை அடைத்துவிட்டுப் பின்வாசலைப் பயன்படுத்த வேண்டும். மோகன்ராஜ் வீட்டுக்குப் பின்வாசலே கிடையாது, அங்கே அடுத்த வீட்டுச் சுவர். பதினெட்டுப் பேரும் மத்தியானத்துக்குள் செங்கல் வைத்து அடைத்து, மயில் நீலமும் அடித்துவிட்டார்கள். துணி மூட்டை ஜன்னல் வழியாக வந்தது. டெய்லர்கள் ஏணி வைத்து மாடியேறி இறங்கினார்கள். மூன்றாம் நாள் நான்கு பேர் வரவில்லை. வாசல் திறக்காவிட்டால் மாதக் கடைசியில் மெஷினுக்குத் துணி போர்த்த வேண்டியதுதான்.

மோகன்ராஜ், குழுவின் துணைத் தலைவரான எதிர்வீட்டு அய்யாசாமியிடம் ஓடினார்.

"ரிஜெக்ட் பண்ணுங்க சாமி. ஒரு கையெழுத்து."

"பண்ணுனா மறு சாம்பிள் போடுவாங்க. அதும் உங்கூட்டுலதான."

"அப்ப அப்ரூவாச்சும் பண்ணுங்க."

"அய்யோ, அப்புறம் எங்கூட்டு வாசலையும் அடைச்சுப்போட்டாங்கன்னா? பெண்டிங்லயே கெடக்கட்டுமுங்க. நல்லாத்தான இருக்குது."

மோகன்ராஜுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆனால் தலைவர் தலைவர்தானே. மறுநாள் கூட்டத்தில் எழுந்து, சாம்பிள் வீடு மாதம் ஒன்றாகச் சுற்றி வரட்டும், அடுத்தது அய்யாசாமி வீடு என்றார்.

அவ்வளவுதான். எட்டு மாதமாக ஒரு குப்பைத்தொட்டியைப் பற்றி ஒரு முடிவுக்கு வராத குழு, கால் மணி நேரத்தில் ஒருமனதாகத் தீர்மானம் போட்டது: ஒப்பந்தமே வேண்டாம், அலுவலர் பழையபடி நேராக ஊருக்கே செய்யட்டும். "எல்லாருக்கும் ஒண்ணாப் பண்ணுனா வலி தெரியாதுங்க" என்றார் அய்யாசாமி. ஊரே மாலையோடு பேரூராட்சிக்கு ஊர்வலம் போனது. ஒச்சாயியும் போனாள்.

இளங்குமரன் மாலையை வாங்கவில்லை. "ஒப்பந்தத்த ரத்து பண்றதும் ஒரு ஆணைதானுங்க. சாம்பிள் போடாம எப்படிங்க பண்றது? சட்டத்த மீற எனக்கு அதிகாரமில்லீங்க."

எல்லாரும் மோகன்ராஜைப் பார்த்தார்கள்.

மறுநாள் காலை, ரத்துக்குச் சாம்பிளாக, அவர் வீட்டில் மட்டும் பழைய அதிகாரம் திரும்பியது. யாரையும் கேட்காமல் அலுவலர் எது வேண்டுமானாலும் செய்யலாம். வந்தார். அடைத்த சுவரைக் கைகாட்டி, "எடுத்துருங்கப்பா" என்றார். பதினெட்டுப் பேரும் செங்கல்லை எடுத்தார்கள், வாசலைக் கூட்டினார்கள், தண்ணீர் தெளித்தார்கள். ஒருவர் கோலம்கூடப் போட்டார். வெயில் நேராக மெஷின் மேல் விழுந்தது. மோகன்ராஜுக்கு அந்த மனிதரைக் கும்பிடலாம் போல இருந்தது. பதினோரு பேரும் அங்கேயே ஒப்பமிட்டார்கள். எட்டு மாதத்தில், ஒரு குறையும் சொல்லப்படாமல் அப்ரூவ் ஆன ஒரே சாம்பிள் அது.

அடுத்த வாரம் பல்க், அதாவது மொத்த உற்பத்தி, ஆரம்பித்தது. நிலுவையில் இருந்த முப்பத்தேழு ஆணையும் ஆயிரத்து நூறு வீட்டுக்கும் ஒன்றாக இறங்கின. மோகன்ராஜ் வாசலை மறுபடி அடைத்தார்கள். அய்யாசாமி வாசலையும் அடைத்தார்கள். தொழில் இல்லாத வீடும் பின்வாசல் உள்ள வீடும் இல்லாத ஊரில், எல்லாரும் ஏணியில் நின்றபடி பக்கத்து வீட்டாரிடம் குசலம் விசாரித்தார்கள்.

"சாம்பிள்ல வாசலைத் தொறந்துதானுங்க உட்டீங்க?" என்றார் மோகன்ராஜ் ஏணி மேலிருந்து.

இளங்குமரன் அண்ணாந்து பார்த்தார். முகத்தில் வஞ்சகமே இல்லை. "சாம்பிளுக்கு நீங்களும் நல்ல டெய்லராப் பாத்துத்தானுங்க உக்கார வெப்பீங்க? பல்க் எப்படி வரும்னு திருப்பூர்க்காரருக்கு நான் சொல்லோணுமுங்களா?"

மைதிலி ஜன்னலுக்குள்ளிருந்து சிரித்துவிட்டாள். அடக்க முடியவில்லை அவளால்.

அன்று மாலை குழு அவசரமாகக் கூடியது, மோகன்ராஜ் மொட்டை மாடியில். புதிய இயக்கம் ஒன்று தொடங்குவது பற்றி அய்யாசாமி பேச ஆரம்பித்தார். ஒச்சாயி ஏணி ஏறி வந்தாள். வரிசையாகப் பதினோரு சட்டையிலும் பாக்கெட்டுக்கு மேலே ஒவ்வொரு சிவப்பு அம்புக்குறியை ஒட்டினாள்.

"என்ன ஒச்சாயி இது?"

"இம்புட்டு மாசமும் செவுத்துலயும் தொட்டிலயும் ஒட்டிக்கிட்டுக் கெடந்தேண்ணே" என்றாள். "எடம் தெரியாமப் போச்சு."

ஒரு ஸ்டிக்கர் மிச்சம் இருந்தது. ஊர்வலத்தில் மாலையைத் தூக்கிப் பிடித்திருந்த தன் வலது கையைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அதில் ஒட்டிக்கொண்டு ஏணியில் இறங்கினாள்.