கைசர் என்கிற மசாலா

ஒரு நாய் ஆகாய மார்க்கமாகப் பிரயாணம் போக நாலு கால், ஒரு வால், நல்ல தேக சுகம் இவ்வளவும் போதும் என்று நினைக்கிறவர்கள் விவரம் இல்லாதவர்கள். முதலில் அந்த நாய்க்கு உலகத்தில் யாருமே இருக்கக் கூடாது. இந்த உண்மை நேசம்மாளுக்குத் தெரிய ஆரம்பித்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து அடுப்பில் மரச்சீனிக் கிழங்கு வெந்துகொண்டிருந்த நேரத்தில்.

நேசம்மாள் குழித்துறைக்குப் பக்கத்தில் ஓர் ஊர்க்காரி. ஊர்ப் பேர் வேண்டாம். சொன்னால் அங்குள்ள ஒரு அதிகாரி வருத்தப்படுவார். சொல்லாவிட்டால் எல்லா அதிகாரிகளும் இது பக்கத்து ஊர்க் கதை என்று நிம்மதியாக இருப்பார்கள். அவள் இருபத்தாறு வருஷம் அண்டியாபீஸில் உட்கார்ந்து முந்திரிக்கொட்டை உடைத்து, கை கறுத்து, மகன் ஜெனித்தை இன்ஜினியர் ஆக்கினாள். அவன் கனடாவில் இருக்கிறான். கணவர் இஸ்ரவேல் மூன்று வருஷமாகக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். வீட்டில் நேசம்மாளும் கைசரும் மட்டும். கைசர் என்பது நாய். செம்மண் நிறம், ஒரு காது நிமிர்ந்தது, ஒரு காது மடங்கியது. இஸ்ரவேல் போன பிறகு அந்த வீட்டில் அவள் பேசுவதை இருந்து கேட்கிற ஒரே ஜீவன் அதுதான்.

அன்றைக்கு வீடியோவில் வந்தது மருமகள் ஜாஸ்மி.

"மாமி, எங்க தெருவுல எல்லாருகிட்டயும் காப்பாத்துன நாய்தான் உண்டு. அடுத்த வீட்டு நாய் ருமேனியா. எதிர்வீட்டுல மெக்சிகோ, அதுக்கு ஒரு கண்ணு கெடையாது. அவங்க அதப் பத்தி பேசும்ப எல்லாரும் அழுவாங்க. எங்ககிட்ட ஒண்ணும் இல்ல. நாணக்கேடா இருக்கு."

"ஒண்ணு வாங்கு மக்களே."

"ஐயோ மாமி, வாங்கப்பிடாது. அது பாவம். காப்பாத்தணும். நாங்க கைசரக் காப்பாத்தலாமுண்ணு முடிவு பண்ணியிருக்கோம்."

நேசம்மாள் திரும்பிப் பார்த்தாள். கைசர் அடுக்களை வாசலில் சாளை மீன் தின்ற களைப்பில் மல்லாந்து கிடந்தது.

"யாருகிட்ட இருந்து மக்களே? எங்கிட்ட இருந்தா?"

கனடாவில் நெட்வொர்க் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். அந்தக் கேள்வி மட்டும் அங்கே போய்ச் சேரவில்லை. பிறகு ஜெனித் வந்தான்.

"அம்மா, இப்பம் நாய்க்க பேப்பரு நடக்கட்டு. அதுல நமக்கு ஒரு பழக்கம் வந்துரும். அடுத்தது ஒனக்க விசாதான்."

அங்கேதான் நேசம்மாள் விழுந்தாள். அவளுடைய பாஸ்போர்ட் மூன்று வருஷமாக வேதப்புத்தக உறைக்குள், சங்கீதத்துக்கும் நீதிமொழிகளுக்கும் நடுவில் கிடக்கிறது. மகன் வீட்டைக் கண்ணால் பார்க்க வேண்டும், அவனுக்கு ஒரு நேரமாவது மீன்கறி வைத்துக் கொடுக்க வேண்டும். இதைத் தவிர ஆண்டவரிடம் அவள் கேட்டது ஒன்றும் இல்லை. கைசர் போனால் வீடு வெறிச்சோடிப் போகும்தான். ஆனால் பின்னாலேயே தானும் போகப் போகிறோமே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள்.

கிராம அலுவலகத்து வராந்தாவில் ஒரு கம்ப்யூட்டர் உண்டு. அதன் முன்னால் சபிதா என்ற பெண் உட்கார்ந்து, ஊரின் பிறப்பு, இறப்பு, சாதி, வருமானம் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டிருப்பாள். நாயைப் பதிய வேண்டும் என்றதும் ஒரு பக்கத்தைத் திறந்தாள்.

"இனம் என்னம்மா?"

"நாட்டு நாய்."

"அது இதுல இல்ல. லாப்ரடார் உண்டு, பொமரேனியன் உண்டு. பேரு வாய்ல வராத பத்துப் பன்னெண்டு உண்டு."

"நாடு இது, நாயி இது. நாட்டு நாய் மட்டும் இல்லியா?"

"மற்றவைண்ணு போடவா?" சபிதா தட்டினாள். பக்கம் மாறியது. "பால் எத்தனை லிட்டர்?"

"என்னது?"

"மற்றவைண்ணு போட்டா எருமைக்குப் போவுது. இது சிவப்பு நட்சத்திரம் போட்ட கட்டம். நிரப்பாம விடாது."

"ஆம்பள நாய் பிள்ளே! பூஜ்யம் போடு."

"பூஜ்யம் எடுக்கல்ல. கீழ 'வற்றிவிட்டது'ண்ணு ஒண்ணு கெடக்கு, அதப் போடுகேன்."

பச்சை டிக் விழுந்தது. கைசர், பால் வற்றிய மற்றவையாக, அரசாங்கத்தின் திருச்சமுகத்தில் முதன்முதலாகப் பிரவேசித்தது.

அடுத்த வாரம் கனடாவிலிருந்து ஒரு நாய் நலச் சங்கத்தின் கடிதம் வந்தது. 'மேற்படி பிராணிக்கு உரிமையாளரோ, உறவோ, உணவளிப்பவரோ இல்லை என உள்ளூர் அதிகாரி சான்றளிக்க வேண்டும்.' கூடவே ஜாஸ்மியின் குறிப்பு: கைசர் என்ற பெயர் அங்கே எடுபடாது, 'மசாலா' என்று மாற்ற வேண்டும்.

கிராம நிர்வாக அலுவலர் ஆறுமுகப்பெருமாள் கடிதத்தை இரண்டு தடவை வாசித்தார். வாசித்து முடித்து மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். கண்ணாடியைக் கழற்றினால் அவர் சட்டம் பேசப் போகிறார் என்று அர்த்தம்.

"ஆதரவற்ற நாய்க்கு நம்மகிட்ட படிவம் கெடையாதும்மா. ஆதரவற்ற விதவைக்குத்தான் உண்டு."

"அப்பம் என்ன செய்ய சார்?"

"படிவம் இல்லாத காரியத்த நாம செய்யப்பிடாது. இருக்கப்பட்ட படிவத்துல இல்லாத காரியத்தச் செய்யலாம். அதுக்குத் தடையில்ல."

சபிதா ஆதரவற்ற விதவைப் பக்கத்தைத் திறந்தாள். பெயர்: கைசர் என்கிற மசாலா. ("கொலைக்கேசுலதான் இப்படி எழுதுவோம்" என்றார் ஆறுமுகப்பெருமாள், கொஞ்சம் பெருமையோடு.) முகவரி: நேசம்மாளின் வீட்டு எண். அடுத்தது கணவர் பெயர். நட்சத்திரம் போட்ட கட்டம். இறப்புச் சான்றிதழும் ஏற்ற வேண்டும். அந்த வீட்டு எண்ணில் இறப்புச் சான்றிதழ் உள்ள ஆள் ஒருவர்தான்.

"இஸ்ரவேல்ண்ணு போடவாம்மா? சும்மா ஒரு பேப்பருக்குத்தானே."

நேசம்மாள் கல்லறைத் தோட்டம் இருக்கிற திசையைப் பார்த்தாள். ஆனாலும், உயிரோடு இருந்தபோது எந்தப் பேப்பரையும் வாசிக்காமல் கையெழுத்துப் போட்ட மனுஷன், இப்போதா வாசிக்கப் போகிறார்? "போடு" என்றாள்.

"மறுமணம் செய்துகொண்டாரா?"

"அடுத்த வீட்டுப் பூங்கனிக்க நாய்க்க பின்னால கொஞ்ச நாள் போச்சு. கல்யாணம் கெட்டல்ல."

பாலினம் என்ற கட்டத்தில் 'பெண்' என்று தானாகவே வந்து உட்கார்ந்தது. அழித்தால் அழியவில்லை. கால்நடை டாக்டர் கொடுத்த சீட்டிலோ 'ஆண்'. இரண்டு அரசுத் துறைகள் ஒரே நாயைப் பற்றி வேறு வேறு கருத்து கொண்டிருப்பது நிர்வாகத்துக்கு நல்லதல்ல.

"கம்ப்யூட்டரத் திருத்தணும்னா கலெக்டர் ஆபீசுக்கு எழுதணும், ஆறு மாசம் ஆவும்" என்றார் ஆறுமுகப்பெருமாள். "நாயத் திருத்துகது எளுப்பம்."

அப்படியே டாக்டர் நாயைத் திருத்தினார். கைசர் இரண்டு நாள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. பார்க்க அதற்கு மனசு எப்படி வரும்?

பிறகு நேரடி விசாரணை. ஆறுமுகப்பெருமாள் கோப்போடு வீட்டுக்கு வந்தார். கைசர் நேசம்மாளின் பாதத்தின் மேல் தலை வைத்துப் படுத்திருந்தது.

"இந்த நாய் ஒங்களுக்குள்ளதா?"

"இல்ல சார்."

"இதுக்கு யாரு சோறு போடுகா?"

"எனக்குத் தெரியாது சார்."

"இத நீங்க முன்ன பின்ன பாத்ததுண்டா?"

"இந்த நாயை நான் அறியேன் சார்."

வேதத்தில் வருகிற சீஷனைப் போல மூன்றாம் தடவை மறுதலித்ததும் நேசம்மாள் பயந்துபோய்க் காதைத் தீட்டினாள். சேவல் கூவவில்லை. அக்கம்பக்கத்தில் இருந்தது பூங்கனியின் சேவல் ஒன்றுதான். அதைக் கைசர் போன மாசமே பிடித்துவிட்டது. சேவலுக்கு நியாயம் கேட்டு வந்தபோது 'ஒனக்க நாய், ஒனக்க நாய்' என்று எட்டு ஊர் கேட்கக் கத்தின பூங்கனி, இப்போது 'இது யாருமற்ற நாய்' என்று சாட்சிக் கையெழுத்துப் போட்டாள். "எப்படியாவது இந்தச் சவத்து நாய் நாடு கடந்து போகட்டு."

"வாக்குமூலம் கொள்ளாம், கொறையில்ல" என்றார் ஆறுமுகப்பெருமாள். "ஆனா ஒங்க காலுல கெடக்கே. ஏழு நாள் கேட்டுக்கு வெளிய கெடக்கணும். நான் வந்து, இடமும் நேரமும் விழுகது மாதிரி போட்டோ எடுப்பேன். அப்பம்தான் ஆதரவு இல்லண்ணு அரசாங்கத்துக்குத் தெரியும்."

ஏழு நாள் கைசர் கேட்டுக்கு வெளியே கிடந்தது. என்ன குற்றம் செய்தோம் என்று அதற்கு விளங்கவில்லை. உள்ளே நேசம்மாள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, கேட்டின் அடியில் இருந்த இடைவெளி வழியே மீன்தலையை நீட்டுவாள். "தின்னு மக்களே, இது ஒனக்க நன்மைக்குத்தான்" என்பாள். அது தின்னாமல் அவள் விரலை நக்கும். "கோட்டிக்கார நாயே" என்று திட்டி, புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொள்வாள். ஏழாம் நாள் ஆறுமுகப்பெருமாள் படம் எடுத்தார். விலா எலும்பு கொஞ்சம் தெரிந்தது. "இப்பம் ஆதரவு சுத்தமா இல்ல" என்று திருப்தியோடு கையெழுத்துப் போட்டார்.

சான்றிதழ் கிடைத்த பதிமூன்றாம் நாள் டிக்கெட் வந்தது. படிக்கப் போகிற நிதின் என்ற பையன் திருவனந்தபுரத்தில் ஏறுகிறான், அவனோடு நாய் போகும்.

வெளிநாடு போகிற யாருக்கும் ஊரில் யாத்திரை ஜெபம் உண்டு. இஸ்ரவேல் மூன்று மாசம் படுக்கையில் கிடந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள் எல்லாம் அன்றைக்கு வந்தார்கள். கைசருக்குச் சுகமாகப் போய்ச் சேரும் வரம் கேட்டு மன்றாடி, முந்திரிக்கொத்து தின்று, டீ குடித்தார்கள். போகும்போது ஆளுக்கொரு பொட்டலம். ஒருத்தி மீன் ஊறுகாய் வைத்தாள். ரிட்டயர்ட் வாத்தியார் ரசலையன் ஐந்து கிலோ ஏத்தங்காய் சிப்ஸோடு வந்து, நாய்க் கூட்டை அளந்து பார்த்தார்.

"எனக்க மச்சான் மகன் அங்கதான் இருக்கான். இவ்வளவு பெரிய பெட்டிதானே, நாய் ஒரு மூலையில ஒதுங்கி இருக்கட்டு."

"நாய்க்கு திரும்ப எடம் வேணும் வாத்தியாரே, அது சட்டம்."

"திரும்பி என்னத்துக்கு? அது முன்னால பாத்து இருக்கட்டு. போற ஊரு அங்கதானே!"

விமான நிலையத்தில் நேசம்மாள் கூட்டின் கம்பிக்குள் விரலை விட்டாள். "ஏலே கைசரே, அங்க குளிரும். சொன்னதக் கேட்டு நட. நான் பின்னால வருகேன்." அழுதாள். நாய்க்காக ஒருத்தி அழுவதைக் கண்டு காவலர் ஒருவர் மரியாதையாக ஒதுங்கி நின்றார். மகனை அனுப்ப வந்து அவள் அழுதபோது 'தள்ளுங்க, தள்ளுங்க' என்றவர்கள் அவர் இனத்தார்தான்.

நாலு நாளில் ஜாஸ்மி பேஸ்புக்கில் படம் போட்டாள். இரண்டு படம். ஒன்றில் மசாலா கம்பளிச் சட்டை போட்டு நெருப்புக்குப் பக்கத்தில். இன்னொன்று ஆறுமுகப்பெருமாள் எடுத்தது. கேட்டுக்கு வெளியே, எலும்பும் தோலுமாக. 'தென்னிந்தியக் கிராமம் ஒன்றில் ஒரு கல்நெஞ்சக்காரியின் வாசலில் பட்டினி கிடந்த ஜீவன். இன்று எங்கள் குடும்பத்தில் ஒருவர்.' நாலாயிரம் பேர் அழுதிருந்தார்கள். ஊர்க்காரர்களும் அழுதிருந்தார்கள். அந்தக் கேட்டுக்கு இஸ்ரவேல் அடித்த பச்சைப் பெயின்ட் யாருக்கும் அடையாளம் தெரியவில்லை.

நேசம்மாள் போன் செய்தாள். "ஜெனித்தே, அடுத்தது எனக்க விசாண்ணு சொன்னியே மக்கா."

"அதுக்கு நெறைய பேப்பரு வேணும்மா. ஒனக்கு வயசாச்சு. நீ ஏன் கெடந்து அலையணும்? பின்ன, இங்க எடமும் இப்பம் கொஞ்சம் நெருக்கம்."

ஒரு பகல் முழுக்க அவள் யோசித்தாள். நாய்க்கு என்ன இருந்தது, தனக்கு என்ன இல்லை? தடுப்பூசி அவளும் போட்டிருந்தாள். இல்லாதது ஒரு பேப்பர்தான். அந்த ஆதரவற்ற பேப்பர் கையில் இருந்தால் பிள்ளைகள் தன்னையும் காப்பாற்றத்தானே வேண்டும்? நியாயம் நேராக இருந்தது. மறுநாள் கிராம அலுவலகத்துக்குப் போனாள்.

சபிதா தட்டினாள். திரை சிவந்தது.

"அம்மா, இஸ்ரவேலுக்க ஆதரவற்ற விதவை ஏற்கெனவே பதிவாயிருக்கு. பேரு மசாலா. ஒரு ஆளுக்கு ஒரு விதவைதான் எடுக்கும்."

"அது நாய் பிள்ளே!"

சத்தம் கேட்டு ஆறுமுகப்பெருமாள் வெளியே வந்தார். கண்ணாடியைக் கழற்றினார். "நாய்ண்ணு எழுத்துல எங்கயும் இல்ல. கையெழுத்து நான் போட்டது. நான் போட்ட கையெழுத்த நானே சந்தேகப்பட முடியாது."

"அப்பம் நான் யாரு சார்?"

"மகன் கனடால உள்ள ஒரு ஸ்திரீ. ஒங்களுக்கு ஆதரவு இல்லண்ணு எழுதுனா எனக்கு வேலை போவும். அந்தப் பாவப்பட்ட விதவையப் பாருங்க, கேட்டுக்கு வெளிய எப்படிக் கெடந்துதுண்ணு. எவளோ ஒருத்தி சோறு போடலியாம். பேஸ்புக்குல பாத்துட்டு எனக்குக் கண்ணு நெறஞ்சு போச்சு."

 நேசம்மாள் சபிதா பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"செரி மக்களே. அப்பம் என்ன நாய்ண்ணு பதிஞ்சு தா."

சபிதா ஆறுமுகப்பெருமாளைப் பார்த்தாள். அவர் யோசித்து, அதற்குத் தடையில்லை என்று தலையசைத்தார். சபிதா பக்கத்தைத் திறந்தாள்.

"இனம் என்னம்மா?"

"மற்றவை."

"பால் எத்தனை லிட்டர்?"

"வத்திப்போச்சுண்ணு போடு. குடிச்சவன் கனடால இருக்கான்."

ஒரு தடையும் சொல்லாமல் பச்சை டிக் விழுந்தது.