டயருக்கு ஒரு ஞானத்தகப்பன்

தரீஹாவில் திராட்சைத் தோட்டமும் நல்ல வெயிலுமாக வாழ்ந்துகொண்டிருக்கும் மச்சான் கசிமிரோ அவர்களுக்கு, ஒரூரோவின் குளிரிலிருந்து உங்கள் தங்கை கணவன் அன்செல்மோ எழுதிக்கொள்வது. இங்கே என் பொறுமையைத் தவிர அனைவரும் நலம். அங்கே திராட்சைக் கொடிகள் நலமா?

உங்கள் தங்கை பெனெடிக்டா விடுதியை மூடிவிட்டாள். இத்தனை வருஷமாக "செனோரா, வெந்நீர் இருக்கா", "செனோரா, சாவியத் தொலைச்சிட்டேன்" என்று அவள் கதவை யாராவது தட்டாத நாள் கிடையாது. மூடிய அன்று ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "யாரும் கதவைத் தட்டாத எடத்துல கொஞ்ச நாள் தூங்கணும்." தன் சேமிப்பிலேயே ஒரு பழைய மினி பஸ்ஸை வாங்கி, உள்ளே இரண்டு படுக்கையும் ஒரு சின்னச் சமையல் மேடையும் போட்டுவிட்டாள். உப்பு வெளியைக் கடந்து, மலை மலையாக ஏறி இறங்கி, உங்கள் ஊர் வரை நாங்கள் இருவர் மட்டும் போவதாகத் திட்டம்.

வண்டியில் டயர் வழுக்கை, பேட்டரி செத்தது, ஜன்னலில் திரை இல்லை, அடுப்பும் இல்லை. கல்யாணம் என்றால் செலவை ஏற்க கேக்குக்கு ஒரு ஞானத்தகப்பன், பியருக்கு ஒரு ஞானத்தகப்பன், பாண்டு வாத்தியத்துக்கு ஒருவன் என்று பிடிக்கிறோமே, அதையேதான் நானும் செய்தேன். கறிக்கடை எலெயுதேரியோ டயருக்கு ஞானத்தகப்பன். பக்கத்து வீட்டு ஹிலாரியா திரைக்கும் அடுப்புக்கும் ஞானத்தாய். கார்னிவல் பாண்டில் டியூபா என்னும் ஆள் பருமன் பித்தளைக் குழலை ஊதும் சந்தாலியோ பேட்டரிக்கு. எல்லோரும் சந்தோஷமாகத்தான் கொடுத்தார்கள். போகிற வழியைக் குறிக்கலாம் என்று மேஜையில் வரைபடத்தை விரித்ததும் சனி பிடித்தது.

"என் டயரு உப்புல எறங்காது," என்றார் எலெயுதேரியோ. "பொட்டோசி வழியா போவோம். அங்க என் பொண்ணு வீட்ல தங்கிக்கலாம்."

"போவோமா? யாரு போறது?" என்றேன்.

"நாமதான். டயர மட்டும் அனுப்பிட்டு நான் வீட்ல உக்காந்திருப்பேனா?"

"ஜன்னல் பக்கம் எனக்கு," என்றாள் ஹிலாரியா. "என் திரைய நான்தான இழுத்து மூடணும்."

சந்தாலியோ டியூபாவோடு வருகிறானாம். எங்கேயடா வைப்பாய் என்றால், "மடியிலதான். நீ ரோட்டப் பாத்து ஓட்டு," என்கிறான்.

அன்றிலிருந்து காலையானால் ஒருவர் மாற்றி ஒருவர் வந்து கதவைத் தட்டித் தங்கள் பொருளை விசாரிக்கிறார்கள். பெனெடிக்டா கதவைத் திறந்து எல்லோருக்கும் கோக்கா டீ போடுகிறாள். நேற்று வண்டிக்குப் பூசை. சக்கரத்துக்குப் பியர் ஊற்றி, பட்டாசு வெடித்ததும், உட்கார்ந்து பார்க்கிறோம் என்று எல்லோரும் உள்ளே ஏறிவிட்டார்கள். எனக்கு உட்காரக் கிடைத்தது உலர்ந்த உருளைக்கிழங்கு மூட்டை. பெனெடிக்டா மட்டும் வெளியே நின்றாள்.

"என்னம்மா பண்றது, ஆளாளுக்கு ஒரு பங்கு இருக்குல்ல," என்றேன்.

"உங்க பங்கு என்ன?" என்று கேட்டாள்.

ஓட்டுவதுதான் என் பங்கு என்றேன். அப்படியா என்று, ரிவர்ஸ் எப்படிப் போடுவது, மலையில் எந்த கியர் என்றெல்லாம் கேட்டாள். பயணத்தில் மறுபடி ஆசை வந்துவிட்டதே என்று பூரித்துப்போய் எல்லாம் சொல்லிக்கொடுத்தேன்.

மச்சான், நீங்கள்தான் காப்பாற்ற வேண்டும். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் அம்மை போட்டிருக்கிறது, தங்கையும் கணவனும் தவிர வேறு யாரும் வரக்கூடாது என்று ஹிலாரியாவுக்கு ஒரு ஃபோன் போடுங்கள். அவளிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி. எனக்கு பெனெடிக்டாவைத் தனியாக அழைத்துப்போக வேண்டும், வேறொன்றும் வேண்டாம். எங்கள் ஊர்ச் சுரங்க மாதா உங்கள் கொடிகளைப் பனியிலிருந்து காக்கட்டும்.

அன்புள்ள,
அன்செல்மோ

பி.கு.: உறை ஒட்டப் பசை தேடி வெளியே வந்தேன். வண்டியைக் காணோம். வாசலில் எலெயுதேரியோவும் சந்தாலியோவும் பைகளோடு நிற்கிறார்கள். "பெனெடிக்டாதான் ஓட்டிட்டுப் போனா. ரிவர்ஸ் என்ன சுத்தமா எடுத்தா தெரியுமா," என்கிறாள் ஹிலாரியா. அம்மைக் கதை வேண்டாம். உங்கள் தங்கை அங்கே வந்து சேர்ந்தால் வண்டியில் எனக்கு இடம் இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். என் பங்கு என்ன என்று உங்களையும் கேட்பாள். நானும் யோசித்துப் பார்த்துவிட்டேன், மச்சான். கண்ணாடி துடைக்கும் துணிகூட ஹிலாரியா கொடுத்ததுதான். பஸ் பிடித்து வருகிறேன். வண்டிக்குப் பக்கத்தில் நிற்பேன், கதவைத் தட்ட மாட்டேன் என்று அவளிடம் சொல்லுங்கள்.