தத்துவத்துக்குப் பின்னாடி ஒருத்தன்

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கு,

வணக்கம். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று தொடங்குவதுதான் மரியாதை, அப்படியே தொடங்குகிறேன். உங்கள் சர்க்கரை அடங்கியிருக்கும் என்றும், சம்பந்தியம்மா உங்களைத் தினமும் நடக்க விரட்டுவார் என்றும் நம்புகிறேன். முதலில் நல்ல செய்தி. உங்கள் பையனுக்கு உங்கள் ஊர் நூலகத்துக்கே மாற்றல் வந்திருப்பது உங்களுக்குத் தெரியும். போவது என்று முடிவு செய்துவிட்டார். நாளைக்குச் சம்மதம் எழுதிக் கொடுக்கிறார். மாதக் கடைசியில் மகளும் மாப்பிள்ளையும் உங்களிடம் வந்துவிடுவார்கள். லாரிக்காரரிடமும் பேசிவிட்டேன். எனக்கு ரொம்ப சந்தோஷம். இந்த மனுஷன் ஏன் இவ்வளவு சந்தோஷப்படுகிறார் என்று நீங்கள் தப்பாக நினைத்துவிடக் கூடாதே என்றுதான் விவரமாக எழுதுகிறேன்.

மாப்பிள்ளை பெயிண்ட்பால் ஆடுகிறார். சாயம் அடைத்த உருண்டைகளைத் துப்பாக்கியில் போட்டு ஒருவரையொருவர் சுடுகிற ஆட்டம். சாயம் பட்டவர் கையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். அணிக்கு ஐந்து பேர். நூலக ஊழியர்களைச் சேர்த்து அணி கட்டியதும் அவர்தான், கேப்டனும் அவர்தான். மைதானத்தில் ஆளுயரக் காற்றடைத்த மூட்டைகள் அங்கங்கே நிற்கும். அவற்றுக்குப் பின்னால் பதுங்கிக்கொண்டு சுட வேண்டும். எந்த மூட்டைக்குப் பின்னால் எதிரி இருக்கிறான் என்று பார்த்தவர் மற்றவர்களுக்குக் கத்திச் சொல்ல வேண்டும். அதற்காக மூட்டைக்கு மூட்டை ஒரு பெயர். மற்ற அணிகள் பாம்பு, கூம்பு, செங்கல் என்று வைத்திருக்கின்றன. நம்மவர்கள் புத்தக அலமாரி வரிசைப்படி வைத்திருக்கிறார்கள். வாசலோரம் பொது அறிவு, அடுத்தது தத்துவம், நடுவில் சமூகவியல், கடைசி மூலையில் வரலாறு. தூக்கத்தில் கேட்டாலும் மாறாது. குறை ஒன்றுதான், சம்பந்தி. நூலகத்தில் வேலை பார்த்துப் பார்த்து ஒருத்தருக்கும் கத்த வராது. பைண்டிங்காரர் எதிரியைக் கண்டால், அடுத்தவர் காதில் சொல்வதற்காக மூட்டையை விட்டு எழுந்து நடந்து போவார். பாதி வழியில் சாயத்தை வாங்கிக்கொண்டு அப்படியே வெளியே போய்விடுவார். பருவ இதழ்ப் பிரிவு அம்மா, எதிரணி போட்ட சத்தம் பொறுக்காமல் உதட்டில் விரலை வைத்து 'உஸ்' என்றிருக்கிறார். எதிரணியும் ஒரு கணம் கப்சிப். சுட்டது அதற்கப்புறம்தான்.

போன பருவம் முழுக்கத் தோல்வி. மாற்றல் வந்த அன்று சாப்பிடும்போது மாப்பிள்ளை சொன்னார்: "இந்தத் தடவை முதல் சுற்றையாவது தாண்டிட்டா இங்கேயே இருந்துடலாம் மாமா. இல்லேன்னா, இந்த ஊர்ல எனக்குன்னு என்ன இருக்கு?" நான் எதிரில்தான் உட்கார்ந்திருந்தேன். மனசில் வைத்துக்கொள்ளவில்லை. மறுநாள் காலையில் பயிற்சிக்கு என் வீட்டைக் கொடுத்தேன்.

மைதானம் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற நாளெல்லாம் சாயமில்லாத பயிற்சி, என் கூடத்தில். முதலில் எட்டிச் சுடுவது. மறைவிலிருந்து தலையும் துப்பாக்கியும் மட்டும் வெளியே வந்து, குறி பார்த்து, சுட்டு, உள்ளே போய்விட வேண்டும். குறி யார் என்று கேட்கிறீர்களா, நான்தான். பேப்பரைப் பிரித்தால் பீரோவுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை. குளியலறைக் கதவைத் திறந்தால் பைண்டிங்காரர், "மன்னிக்கணும் சார், நீங்க செத்துட்டீங்க" என்று காதோடு சொல்கிறார். அப்புறம் இடது கைப் பயிற்சி. மூட்டையின் இந்தப் பக்கம் வலது கை, அந்தப் பக்கம் இடது கை, ரெண்டும் ஒண்ணுபோலப் பழகணுமாம். அதுக்காக மாப்பிள்ளை இடது கையால ஷேவ் பண்ணிக்கிட்டு, தாடை முழுக்க பிளாஸ்திரியோட ஆபீஸ் போனார். "ஆட்டத்துக்கு முன்னாடியே முகத்துல தோத்துட்டீங்களே" என்றாள் மகள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். சாயங்காலங்களில் மொட்டைமாடியில் ஒரு பயிற்சி நடக்கும். விசில் ஊதியதும் யார் எந்த மூட்டைக்கு ஓடுவது என்று பழக, முதலில் அதையே மிக மெதுவாகச் செய்து பார்ப்பார்கள். கொடியில் காயும் போர்வைகள்தான் மூட்டைகள். மாப்பிள்ளை கையசைத்ததும் ஐந்து பேரும் தண்ணீருக்குள் நடப்பதுபோல் ஒரு காலை எடுத்து, அது தரையைத் தொடக் காத்திருந்து, அடுத்த காலை எடுப்பார்கள். வெயில் சாய்ந்திருக்கும். போர்வைகள் உப்பி அடங்கும். அவற்றின் மேல் அவர்கள் நிழல் நீண்டு, மடிந்து, ஒன்றுக்குள் ஒன்று போகும். "வரலாறு காலி" என்று ஒரு கிசுகிசுப்பு வரும். "சமூகவியல்ல நான் இருக்கேன்" என்று இன்னொன்று. பருவ இதழ்ப் பிரிவு அம்மாவின் புடவைத் தலைப்பு காற்றில் எழும்பி, அவரைவிட வேகமாகப் போய்விட்டோமே என்பதுபோல் மெல்லத் திரும்பி வரும். நான் நாற்காலியில் உட்கார்ந்தபடி தூங்கிப்போவேன். தூக்கத்திலும் அதே மாடிதான், அதே ஆட்கள்தான். போர்வைகள் மட்டும் இன்னும் கொஞ்சம் தூரத்தில் இருக்கும். விழித்துப் பார்த்தால் அவர்கள் இன்னும் தத்துவத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்க மாட்டார்கள்.

கத்துகிற பயிற்சி என் பொறுப்பு. மரமில்லில் ரம்பச் சத்தத்துக்கு மேலே பேசிப் பழகிய தொண்டை என்று உங்களுக்குத் தெரியும். கல்யாணத்தில் மைக் இல்லாமல் பந்திக்குக் கூப்பிட்டவன் நான். வரிசையாக நிற்க வைத்து, "அடி வயித்துலேர்ந்து வரட்டும்!" என்றேன். வந்தது. அடி வயிற்றிலிருந்துதான் வந்தது, வாய்க்கு வருவதற்குள் நாகரிகமாகிவிட்டது. மாடிப் புறாக்களில் ஒன்றுகூடப் பறக்கவில்லை.

போன ஞாயிறு முதல் சுற்று ஆட்டம். பார்வையாளர் யாரும் துப்புக் கொடுக்கக் கூடாது, கொடுத்தால் அந்த அணி வெளியே. இதை மாப்பிள்ளை என்னைத் தனியாக உட்கார வைத்துச் சொன்னார். தலையாட்டினேன். ஆட்டம் நெருக்கமாகத்தான் போச்சு சம்பந்தி. கடைசியில் நம்ம பக்கம் பொது அறிவுக்குப் பின்னாடி பைண்டிங்காரர், சமூகவியல்ல மாப்பிள்ளை. அந்தப் பக்கம் ஒரே ஒருத்தன். காற்றுகூட நின்றுவிட்டது. புல்லெல்லாம் மஞ்சளும் நீலமும். அவன் தவழ்ந்து தவழ்ந்து மாப்பிள்ளையின் முதுகுக்கு நேராக வருகிறான். பைண்டிங்காரர் பார்த்துவிட்டார், சொல்லவும் செய்கிறார், உதடு அசைவது எனக்கே தெரிகிறது. மாப்பிள்ளைக்குத்தான் கேட்கவில்லை. எனக்குச் சாமான் ஏற்றிய லாரி கண்ணில் தெரிந்தது. எழுந்து நின்று கத்திவிட்டேன்:

"மாப்ளே! தத்துவத்துக்குப் பின்னாடி ஒருத்தன்!"

மாப்பிள்ளை சட்டென்று திரும்பிச் சுட்டார். பட்டது. ஜெயித்தோம். மகள் என்னைக் கட்டிக்கொண்டாள். அதற்குள் நடுவர் விசில்.

"யாருங்க கத்துனது?"

பைண்டிங்காரர் தங்கமான மனுஷன். கையைத் தூக்கி, "நான்தான்" என்றார்.

"என்னது?"

"நான்தாங்க."

"கேக்கலை. நீங்களா கத்துனீங்க? எங்கே, அதே மாதிரி இன்னொரு தடவை கத்துங்க பார்ப்போம்."

பைண்டிங்காரர் கண்ணை மூடிக்கொண்டார், நெஞ்சு நிறைய மூச்சை இழுத்தார், கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. வந்தது, பேப்பர் எந்த அலமாரியில் என்று கேட்கும் வாசகருக்குப் பதில் சொல்லும் அளவுக்குச் சத்தம். நம் அணியை வெளியேற்றிவிட்டார்கள்.

வரும் வழியில் மாப்பிள்ளை, "விடுங்க மாமா" என்று மட்டும் சொன்னார். அதனால்தான் போகிறார்கள். எனக்கு நிம்மதி. இனி போர்வை போர்வையாகக் காயும். குளியலறைக் கதவைத் தைரியமாகத் திறக்கலாம். இன்று காலை பேப்பரைப் பிரித்தேன், பீரோவுக்குப் பின்னால் யாருமில்லை. கொஞ்ச நேரம் அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவு நிம்மதி. உங்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் பீரோவைச் சுவரை ஒட்டிப் போட்டிருந்தால், ஓர் ஆள் நிற்கும் அளவுக்கு நகர்த்தி வையுங்கள். இல்லாவிட்டால் அவருக்குக் கை ஓடாது. மகளிடம் காலையில் யாரும் பேச்சுக் கொடுக்கக் கூடாது, காபி குடித்தபின் தானாகச் சரியாகிவிடுவாள்.

சம்பந்தியம்மாவுக்கு என் வணக்கம். சின்னஞ்சிறுசுகள் இரண்டும் உங்கள் பார்வையில் குறைவில்லாமல் வாழட்டும்.

இப்படிக்கு,
மிக்க சந்தோஷத்துடன்,
உங்கள் சம்பந்தி.

பின்குறிப்பு: எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுவது என் பழக்கம். மெதுவாகத்தான் சொல்கிறேன் என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன். கையெழுத்துப் போட்டு நிமிர்ந்தால் மகளும் மாப்பிள்ளையும் வாசற்படியில் நிற்கிறார்கள். "அப்பா, தெருவே கேட்டுடுச்சு" என்று மூக்கைச் சிந்தினாள் மகள். மாப்பிள்ளை என்னைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "மாற்றல் வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடுறேன் மாமா" என்றார். எனக்கு நன்றாகவே கேட்டது. இருந்தாலும், "என்ன மாப்ளே, காதுல விழலையே" என்றேன். அவர் இரண்டாம் தடவை சொன்னதில் மாடியிலிருந்த புறாக்கள் அத்தனையும் எழும்பிவிட்டன. உங்கள் ஊர்வரைக்கும் கேட்டிருந்தால், நீங்கள் இந்தக் கடிதத்தைப் பிரிக்க வேண்டியதில்லை.