ஸ்ட்ரெஸ் சித்தரின் மோதிரம்

மனித மனத்தை ஒரே நிமிடத்தில் படித்துச் சொல்லும் மகான் ஒருவர் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வந்து இறங்கியிருந்தார். பெயர் ஸ்ட்ரெஸ் சித்தர். பெற்றோர் வைத்த பெயர் தணிகாசலம். முன்பு திருநின்றவூரில் பிளாட் விற்றவர். ஏரிக்குள் இருந்த இடத்தையும் சேர்த்து விற்றுவிட்டதால், வாங்கியவர்கள் அவரைத் தேட ஆரம்பித்தார்கள். உடனே அவருக்கு ஞானம் வந்து இமயமலைக்குப் போய்விட்டார். அந்த இமயமலை சோழவரத்தில் மச்சினன் வீட்டு மாடியில் இருந்தது என்பது பக்தர்களுக்குத் தெரியாது.

பஸ் நிறுத்தத்தில் பெரிய பிளெக்ஸ். சித்தர் கண்ணை மூடியிருக்கிறார். அவருக்குப் பின்னால் ஒரு மூளை, மூளைக்குள் தாமரை. "மன அழுத்தமா? கோபமா? வேலையில் ஊக்கம் இல்லையா? கல் சொல்லும்!" ஷிப்ட் விட்டதும் கூட்டம் பஸ்ஸைக்கூடப் பார்க்காமல் அங்கே ஓடியது. பி.எப். கணக்கில் பணம் ஏறியதா என்று கேட்க இந்தக் கூட்டம் இதுவரை எங்கேயும் இப்படி ஓடியதில்லை.

கல் என்றால் மோதிரக் கல். சித்தர் கையைப் பிடித்து, சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று கேட்டு, தான் விற்கும் மோதிரத்தை விரலில் போட்டுவிடுவார்; ஒரு நிமிடம் கண்ணை மூட வேண்டும். கல் நீலமானால் சுத்த மனம். பச்சையானால் சுமார். கறுப்பாகவே இருந்தால் உள்ளே "கரும்புகை" இருக்கிறதாம். பொறாமை, சோம்பல், கோபம், அடுத்தவன் கண்ணேறு, எல்லாம் அந்தப் புகையில் அடக்கம். பரிகாரமும் உண்டு. காணிக்கை வைத்துவிட்டு, மந்திரம் சொல்லிக்கொண்டே இரண்டு உள்ளங்கைகளையும் நூற்றெட்டு முறை பரபரவென்று தேய்க்க வேண்டும். தேய்த்ததும் கல் நீலமாகும். கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொள்ளும். வேலைக்குத் திரும்பியதும் கல் மறுபடி கறுத்துவிடும். "சந்தேகப்பட்டிருப்பே" என்பார் சித்தர். சந்தேகத்துக்குத் தனிக் காணிக்கை.

அங்கே கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனி ஒன்று. ஒரு பக்கம் இரும்பு உருக்கும் உலை ஷெட். இன்னொரு பக்கம் பெண்கள் சென்சார் பூட்டும் ஏசி ஹால். உலைக்காரர்கள் அத்தனை பேருக்கும் கல் நீலம். ஏசி ஹால் பெண்கள் அத்தனை பேருக்கும் கறுப்பு. இதைப் பார்த்து ஊர் என்ன முடிவு செய்தது? ஆண்கள் ஞானிகள், பெண்கள் பொறாமைக்காரிகள். உலகம் எப்போதும் செய்கிற முடிவுதான், இந்தமுறை கல்லும் கையெழுத்துப் போட்டது.

உலை ஷெட் ராபினுக்குப் பளபளவென்ற நீலம். சனிக்கிழமைதோறும் குடித்துவிட்டு வந்து, மனைவி மோனிகாவிடம் துடைப்பத்தால் ஆசி வாங்கும் ராபின். அவன் காலைத் தொட்டு இரண்டு பேர் கும்பிட்டார்கள்.

"யோவ், என் காலை இன்னாத்துக்குயா தொடுறே? என் பொண்டாட்டி பாத்தா வுழுந்து வுழுந்து சிரிப்பா" என்றான் ராபின்.

"அடக்கத்தைப் பாருங்க!" என்றார் சித்தர்.

இந்தக் கம்பெனியின் எச்.ஆர். மேனேஜர் குணா. தொழிலாளிக்கு வேலையில் ஆர்வம் எப்படி வரும் என்று சென்னையில் ஒருநாள் பயிற்சிக்குப் போய் வந்தவர். பாராட்டு வேண்டும், ஓய்வு வேண்டும், மரியாதை வேண்டும், நியாயமான சம்பளம் வேண்டும் என்று அங்கே சொன்னார்கள். எல்லாமே செலவு பிடிக்கிற சமாசாரம். மோதிரம் மலிவு. எனவே சித்தரையே கம்பெனிக்குள் அழைத்து வந்துவிட்டார். கான்ட்ராக்ட் ஆட்களை நிரந்தரமாக்கும் பட்டியலில் நீலக் கல்காரர்களுக்கு மட்டும்தான் இடம் என்று அறிவித்தார். அவர் விரலிலும் ஒரு மோதிரம் உண்டு. எடுத்துக் காட்டும்போதெல்லாம் அது நீலம். மற்ற நேரமெல்லாம் அந்தக் கையை அவர் பேண்ட் பாக்கெட்டுக்குள்தான் வைத்திருப்பார். ஸ்டைல் என்று நினைத்தார்கள்.

ஏசி ஹாலில் ரம்யாவைவிட வேகமாகச் சென்சார் பூட்ட ஆள் கிடையாது. வருஷக்கணக்காகக் கான்ட்ராக்ட். இந்தத் தடவை நிரந்தரமாகிவிடும் என்று எண்ணி மகளைப் பள்ளியில் சேர்த்திருந்தாள். சோதித்தபோதெல்லாம் அவளுக்குக் கல் கறுப்பு. சாப்பாட்டு நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் தள்ளிப் போனார்கள். அவள் தூக்கம் போயிற்று. பயத்தில் கை இன்னும் சில்லிட்டது. கல் இன்னும் கறுத்தது. திருடனே வீட்டுக்குப் பூட்டு விற்ற கதையாக இருந்தது.

ஒரு மழைநாள் காலையில் தலை சுற்றி, கம்பெனி முதலுதவி அறைக்குப் போனாள். நர்ஸ் ஏஞ்சலின் நாடி பார்த்தாள்.

"இன்னாடி, கை ஐஸ் கட்டி மாதிரி கீது? நாஷ்டா துன்னியா?"

"இறங்கல சிஸ்டர். என் மனசு கெட்ட மனசாம். என்னால எங்க ஊட்டுக்கும் ஆவாதாம்." ரம்யா அழுதேவிட்டாள்.

ஏஞ்சலின் சூடான டீயை அவள் இரண்டு கைக்கும் நடுவில் திணித்தாள். ரம்யா குடிக்கவில்லை, பிடித்துக்கொண்டே தேம்பினாள். தேம்பி முடிப்பதற்குள் விரலில் இருந்த கல் பச்சையாகி, நீலமானது.

இருவரும் கல்லைப் பார்த்தார்கள். பிறகு டீயைப் பார்த்தார்கள்.

"சிஸ்டர், கரும்புகை எங்க போச்சு?"

"டீக்கடைக்குப் போய்ட்ச்சி." ஏஞ்சலினுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "பயந்தா, குளுந்தா, உடம்பு ரத்தத்தை விரலுக்கு அனுப்பாம உள்ள இழுத்துக்கும். கை சில்லுனு பூடும். இந்தக் கல்லு சூட்டுக்குக் கலர் மாறுது, அவ்ளோதான். ஏசி ஹால்ல கறுப்பு, உலைகிட்ட நீலம். இதுக்கு எதுக்குடி இமயமலை? நாளைக்கு செலக்‌ஷன்ல டீயைப் புடிச்சிக்கினு போய் நில்லு. வேலை உனுக்கு."

ரம்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அழுகை போய்க் கோபம் வந்திருந்தது.

"நான் தப்பிச்சிக்கலாம் சிஸ்டர். ஹால்ல மீதிப் பொண்ணுங்க இன்னா பாவம் பண்ணாங்க? வேலை போனாலும் போவட்டும். அந்தாளை நாலு பேர் முன்னாடி கேட்டுடணும்."

மறுநாள் காலை, செலக்‌ஷனுக்காகக் கேன்டீனில் மொத்தக் கம்பெனியும் கூடியது. வெளியே மழை. சித்தர் மேடையில். குணா மைக்கில், ஒரு கை பாக்கெட்டில். ரம்யா எழுந்து நின்றாள்.

"சாமி, ரெண்டு பேரு மூஞ்சி காட்ட வெக்கப்படறாங்கோ. மறைவுல கீறாங்க. கல்லை மட்டும் பாத்துச் சொல்லுவீங்களா?"

"கல்லுக்கு முகம் எதுக்கும்மா? ஆத்மா போதும்" என்றார் சித்தர் கம்பீரமாக.

முதலுதவி அறையின் பச்சைத் துணி மறைப்பை ஏஞ்சலின் தள்ளிக்கொண்டு வந்தாள். துணியில் இரண்டு ஓட்டை. ஒவ்வொன்றிலும் ஒரு மோதிரக் கல் மட்டும் தெரிந்தது.

சித்தர் முதல் ஓட்டையில் குனிந்தார். நல்ல நீலம். கண்கலங்கிவிட்டார்.

"ஆகா! கோபம் இல்லை. ஆசை இல்லை. யார் அடித்தாலும் பொறுக்கும் ஆத்மா. இது கடைசிப் பிறவி. இன்னிக்கே மோட்சம்!"

கூட்டம் கைதட்டியது. சித்தர் இரண்டாவது ஓட்டைக்குப் போனார். கறுப்பு. முகம் சுளித்தார்.

"கரும்புகை! வயிறெல்லாம் பொறாமை. தூங்காத ஜென்மம். இதைப் பக்கத்துல வெச்சுக்கிட்டா கம்பெனி உருப்படாது!"

"நிரந்தரப் பட்டியல்ல இது கிடையாது, நோட் பண்ணிக்கங்க" என்றார் குணா.

ரம்யா துணியைச் சடக்கென்று இழுத்தாள்.

முதல் ஓட்டைக்குப் பின்னால், கைபொறுக்கும் சூட்டில், மோதிரத்தை வயிற்றில் பதித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது ஒரு இட்லி. இரண்டாவது ஓட்டைக்குப் பின்னால், பிரிஜ்ஜிலிருந்து எடுத்த மோர் பாக்கெட்.

மழைச் சத்தத்தையும் மிஞ்சிக்கொண்டு சிரிப்பு கிளம்பியது. "சாமி கரெக்டாதான் சொன்னாரு, இட்லிக்கு இன்னிக்கே மோட்சம்!" என்று உலை ஷெட்காரன் ஒருவன் கத்தினான்.

சித்தர் அசரவில்லை. ஏரியையே விற்றவர் அவர்.

"சமைத்தவர் மனம் உணவில் இறங்கும்! அது உங்களுக்குப் புரியாது!"

கூட்டத்தில் பாதிப் பேர் உடனே தலையாட்டினார்கள். இதுதான் நம் ஜனம்.

"அப்ப மோரு குடுத்த மாட்டுக்கு இன்னா பொறாமை சாமி? பக்கத்து மாட்டுக்குப் ப்ரமோஷன் வந்துட்ச்சா?" என்று கேட்டாள் ஏஞ்சலின். "சரி, இந்தப் பாக்கெட்டைக் கையில புடிச்சிக்கினு உங்க விரல்ல கீற மோதிரத்தைக் கொஞ்சம் காட்டுங்க."

சித்தருக்கு அந்த நேரம் பார்த்து அவசரமாக ஒரு போன் வந்தது. அடிக்காத போனைக் காதில் வைத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார். ராபின் அவர் தோளில் கை போட்டான்.

"எங்க கெளம்பினே நைனா? நீ குடுத்த ஞானி பட்டத்தோட சொல்றேன், உக்காரு."

மோர் பாக்கெட் சித்தர் கையில் ஏறியது. அவருடைய நீலம் பச்சையாகி, பச்சை கறுப்பானது. குணா பதறிப்போய், "ப்ளீஸ், ப்ளீஸ், அமைதி!" என்று பாக்கெட்டில் இருந்த கையையும் வெளியே எடுத்து ஆட்டினார். அந்தப் பயத்தில் அவர் விரல்களும் சில்லிட்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் முன்வரிசைப் பெண் ஒருத்தி எழுந்து கத்தினாள்:

"குணா சார் கல்லு கறுத்துப் பூட்ச்சி! சாரை லிஸ்ட்லேர்ந்து எடுங்கப்பா!"

பாக்கெட்டுக்குள் கை திரும்பிப் போவதற்குள் எல்லோரும் பார்த்துவிட்டார்கள். அதற்குமேல் அந்தப் பட்டியலை வைத்துக்கொள்ள அவருக்கு வழியில்லை. மோதிரம் செல்லாது, வேலையும் வருகையும் பார்த்துத்தான் நிரந்தரம் என்று மைக்கிலேயே சொல்ல வேண்டியதாயிற்று. வேலையைப் பார்த்தால் முதல் பெயர் யாருடையது என்று அவர் படிக்காமலே ஹாலுக்குத் தெரியும். பெண்கள் ரம்யாவைக் கட்டிப் பிடித்தார்கள். சாப்பாட்டு நேரத்தில் தள்ளி உட்கார்ந்தவர்கள்தான் அதிலும் முந்திக்கொண்டார்கள்.

ரம்யா சிரிக்கவில்லை. நேராகக் குணாவிடம் வந்தாள்.

"சார், அந்தாளு ஃபிராடுதான். ஆனா கையைப் புடிச்சி, 'சாப்ட்டியாம்மா, தூங்கினியாம்மா'ன்னு கேட்டது இந்தக் கம்பெனியில சிஸ்டரை வுட்டா அந்த ஃபிராடு ஒருத்தன்தான். நாங்க அதுக்குத்தான் சார் வரிசையில நின்னோம். நீங்க ஒருநாள் கேட்டீங்களா?"

குணா மைக்கை அணைத்துவிட்டு விரலிலிருந்த மோதிரத்தைக் கழற்றினார். பயிற்சியில் சொன்ன மரியாதை இதுதான் என்று அப்போதுதான் உறைத்தது போலும்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. பக்கத்தில் உட்கார்ந்திருப்பவள் கை சில்லிட்டிருந்தால் ஏன் என்று அவளைக் கேளுங்கள். வாய் உள்ள மனுஷியை விட்டுவிட்டுக் கல்லைக் கேட்கப் போனால், கல்லுக்கு மூளை வந்துவிடாது. உங்களுக்கு இருப்பது போய்விடும்.